மின்வெட்டிலும் ஓயாத சென்சார்கள்: டர்பன் அடுக்குமாடி வீட்டுக்குக் கம்பியில்லா நெறிமுறை தேர்ந்தெடுத்த பதிவு

டர்பனின் ஓவர்போர்ட் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடம் தடித்த செங்கல் சுவர்களும் கான்கிரீட் தளங்களும் கொண்ட பழைய கட்டுமானம். வீட்டின் நடுவே நீளமான ஒரு நடை இருக்கிறது. அதன் ஒரு கோடியில் வரவேற்பறையும் ஃபைபர் இணைப்பு வந்துசேரும் பெட்டியும், மறுகோடியில் குளியலறையும் கீசர் வைத்த அலமாரியும் உள்ளன. இந்த இரு கோடிகளுக்கும் இடையே மூன்று சுவர்கள் குறுக்கிடுகின்றன என்பதும், நான் எல்லாவற்றுக்கும் முதலாகக் கண்காணிக்க விரும்பிய பொருள் தொலைவான கோடியில்தான் இருக்கிறது என்பதும் இந்தப் பதிவில் வரும் பெரும்பாலான முடிவுகளைத் தீர்மானித்தன.

அந்தப் பொருள் கீசர். தென்னாப்பிரிக்க வீடுகளில் 150 லிட்டர் கொள்ளளவுள்ள மின் கீசர் சாதாரணமாகக் காணப்படுவது; அதன் உட்தொட்டி அரித்துப்போய்ச் சுடுநீர் கசியத் தொடங்கினால் முதலில் கெடுவது நம் வீட்டுத் தரை என்றாலும், அடுத்துக் கெடுவது கீழ்வீட்டுக் கூரை. ஆகவே கீசருக்கு அடியில் நீர்க்கசிவு சென்சார் ஒன்று, வாசலிலும் பால்கனியிலும் கதவு சென்சார்கள், படுக்கையறைகளில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் சென்சார்கள், டீப் ஃபிரீசருக்கு ஒரு வெப்பமானி, நடையில் ஆள் நடமாட்டம் அறியும் சென்சார் என்று திட்டமிட்டேன். இவை அனைத்தும் பேட்டரியில் ஓட வேண்டியவை, அனுப்ப வேண்டிய தரவோ மிகச் சிறியது. வாடகை வீடாக இருந்தாலும் சொந்த வீடாக இருந்தாலும், அடுக்குமாடியில் சுவரைக் குடைந்து கம்பி இழுப்பதற்குப் பாடி கார்ப்பரேட் என்ற வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதல் முதல் சுவர்ப்பூச்சு வரை பல தடைகள் உண்டு என்பதால், கம்பியில்லா வழியே பொருத்தமானது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை.

எந்த நெறிமுறை, அதாவது கருவிகள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ள எந்த மொழி, என்பதில்தான் சிக்கல். விற்பனைக் குறிப்புகள் எல்லாம் தூரத்தையும் வேகத்தையும் பேசுகின்றன. திறந்தவெளியில் நூறு மீட்டர் செல்லும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது மூன்று செங்கல் சுவர்களுக்கு அப்பால் உள்ள கீசர் அலமாரிக்கு எந்த வகையிலும் உதவாது. நான் வைத்துக்கொண்ட கேள்வி வேறு: மின்சாரம் போன அந்த நேரத்தில், சென்சார் அனுப்பும் செய்தியைப் பெற்றுக்கொள்ள வீட்டில் எது உயிரோடு இருக்கும்? இங்கே சுழற்சி மின்வெட்டு 2008 முதல் வந்தும் போயும் இருப்பது. 2023இல் உச்சத்தைத் தொட்டது. 2024 மார்ச் 26ஆம் நாளுக்குப் பின் நீண்ட காலம் நிறுத்திவைக்கப்பட்டு, 2025 ஜனவரி இறுதியில் மீண்டும் தலைகாட்டியது. தேசிய அளவிலான மின்வெட்டு இல்லாத மாதங்களிலும் உள்ளூர்க் கேபிள் பழுது, துணைமின்நிலையக் கோளாறு என்று மின்தடை வரத்தான் செய்கிறது. மின்சாரம் போகும்போது கண் மூடிக்கொள்ளும் கண்காணிப்பு இந்த ஊருக்கு ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து.

வைஃபை சென்சார்களை முதலில் ஆராய்ந்தேன், ஏனெனில் அவற்றுக்குத் தனியாக எந்த மையக் கருவியும் வேண்டாம்; கடைகளிலும் அவையே மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் குறை மின்செலவில் இருக்கிறது. இஎஸ்பி8266 போன்ற ஒரு வைஃபை சில்லு ஆழ்துயிலிலிருந்து விழித்து, ரவுட்டரோடு கைகுலுக்கி, முகவரி பெற்று, அளவீட்டை அனுப்பிவிட்டுத் தூங்கப்போவதற்கு ஏறத்தாழ 3 நொடிகள் ஆகின்றன என்றும், அந்நேரத்தில் சராசரியாக 80 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு விழிப்புக்கு 0.067 மில்லி ஆம்பியர் மணி; பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்தால் நாளொன்றுக்கு 9.6 மில்லி ஆம்பியர் மணி. 1000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளும் ஏஏஏ பேட்டரிகள் மூன்று மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். துயிலின்போது ஆகும் செலவைக் கூட நான் இதில் சேர்க்கவில்லை. இதற்கு மாறாக, குறைந்த மின்சாரத்தில் சிறு தரவை அனுப்பும் ஜிக்பீ போன்ற நெறிமுறையில், நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் 127 பைட் நீளமுள்ள முழுத் தரவுப் பொட்டலம் ஒன்று காற்றில் இருக்கும் நேரம் சுமார் 4 மில்லி நொடிதான். சராசரி மின்னோட்டத்தைப் பத்து மைக்ரோ ஆம்பியருக்குள் அடக்கிவிட்டால், 220 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஒரு சிஆர்2032 காசுப் பேட்டரி கணக்குப்படி இரண்டரை ஆண்டு வரும். மின்வெட்டில் ரவுட்டர் அணைந்துவிட்டால் வைஃபை சென்சார் நிலை இன்னும் மோசம்: கிடைக்காத ரவுட்டரைத் தேடித் தேடியே பேட்டரியைக் கரைத்துவிடும். ஆகவே, பேட்டரியில் ஓடும் எதற்கும் வைஃபை இல்லை என்று முடிவு செய்தேன். நிலையான மின்னிணைப்புள்ள கருவிகளுக்கு அது நல்ல நெறிமுறை என்பதில் மாற்றமில்லை.

433 மெகாஹெர்ட்ஸ் சென்சார்கள் எளியவை, சுவர்களை நன்றாகக் கடப்பவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஒருவழிப் பேச்சு மட்டுமே பேசுகின்றன. அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சென்சாருக்குத் தெரிய வழியில்லை. இங்கே வாகனக் கேட்டுகளின் ரிமோட்கள் 403 மெகாஹெர்ட்ஸிலும் 433 மெகாஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. எங்கள் கட்டடத்து வாசல் கேட் நாள் முழுவதும் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. கதவு திறந்த செய்தி தொலைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், கசிவுச் செய்தி தொலைந்தால் பொறுக்க முடியாது.

இசட்-வேவ் என் மனத்துக்கு நெருக்கமாக வந்த நெறிமுறை. அது வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசலை விட்டு விலகி, ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 868 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் இயங்குகிறது. ஒரே ஆற்றலில், ஒரே தொலைவில், ஒரே வகை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் 868க்கும் 2440க்கும் இடையே திறந்தவெளி இழப்பிலேயே சுமார் 9 டெசிபல் வேறுபாடு இருக்கிறது. சுவர்கள் தின்னும் இழப்பிலும் குறைந்த அலைவரிசைக்கே சாதகம். எங்கள் நடைக்கு இது மிகவும் பொருந்தியிருக்கும். ஆயினும் இரண்டு காரணங்களால் கைவிட்டேன். அமெரிக்கச் சந்தைக்கான கருவிகள் 908 மெகாஹெர்ட்ஸில் இயங்குபவை. அவை இங்குள்ள கருவிகளோடு பேசவும் மாட்டா, இங்குள்ள அலைவரிசை விதிகளுக்குள் அடங்கவும் மாட்டா. ஆகவே இணையத்தில் வாங்கும்போது ஐரோப்பியப் பதிப்பைத் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. விலையோ அதே வேலையைச் செய்யும் ஜிக்பீ சென்சாரைப்போலப் பல மடங்கு. சென்சார் எண்ணிக்கை ஒன்றிரண்டாக இருந்து, கதவுப் பூட்டு போன்ற மிக முக்கியமான பொருளாக இருந்தால், அந்த விலையைக் கொடுத்து இசட்-வேவையே வாங்குமாறு யாருக்கும் சொல்வேன். நெடுந்தொலைவு ரேடியோ நெறிமுறையான லோராவைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். அது பண்ணைக்கும் தொலைவான நீர்த்தொட்டிக்கும் உரியது. விரலுக்குத் தக்க வீக்கம்தான் வேண்டும்.

மீதமிருந்தவை புளூடூத், ஜிக்பீ, த்ரெட் ஆகிய மூன்றும். மூன்றுமே 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குபவை.

புளூடூத்தின் குறைமின் வடிவத்தில், வெப்பமானி யாரோடும் இணைப்பு ஏற்படுத்தாமல் தன் அளவீட்டைக் காற்றில் அறிவித்துக்கொண்டே இருக்கும். அந்த அறிவிப்புகள் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் என்ற மூன்று இடங்களில் செல்கின்றன. வைஃபையின் 1, 6, 11 ஆகிய சேனல்களின் நெரிசலுக்கு இடையிலும் ஓரத்திலும் வெளியிலும் விழுமாறு அவை தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது மிகச் சிந்தித்துச் செய்யப்பட்ட வேலை. ஒரு அறிவிப்பு தொலைந்தாலும் அடுத்தது சில நொடிகளில் வந்துவிடும் என்பதால், மெல்ல மாறும் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் இது முற்றிலும் போதுமானது. வலைப்பின்னலாக ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்கிக் கடத்தும் வசதி இந்த முறையில் இல்லை. ஆகவே கேட்கும் கருவி சென்சாருக்கு அருகில் இருக்க வேண்டும். படுக்கையறைகள் இரண்டும் அடுத்தடுத்து இருந்ததால், வைஃபையும் புளூடூத்தும் கொண்ட ஒரு சிறு இஎஸ்பி32 மின்னணுப் பலகை இரண்டையும் கேட்டு வைஃபை வழியாக, வீட்டுக் கருவிகளை ஒருங்கிணைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளுக்கு அனுப்பிவிடுகிறது. அயல்வீட்டாருக்கும் நம் அறை வெப்பம் கேட்கும் என்ற கவலை இருந்தால், பிடிஹோம் என்ற அறிவிப்பு வடிவத்தில் குறியாக்கம் செய்யும் வழி இருக்கிறது. நான் அதை இயக்கியே வைத்திருக்கிறேன்.

கசிவுக்கும் கதவுக்கும் ஜிக்பீயா த்ரெட்டா என்பதில் நெடுநாள் யோசித்தேன். இரண்டும் ஐஇஇஇ 802.15.4 என்ற ஒரே ரேடியோ அடித்தளத்தின் மேல் எழுந்தவை. த்ரெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் இணையத்தில் பயன்படும் ஐபிவி6 வகை முகவரி உண்டு. வலைப்பின்னலைத் தாங்கும் ஒரே தலைவன் என்று யாரும் இல்லை, ஒரு கருவி அணைந்தால் மற்றொன்று தலைமையை எடுத்துக்கொள்ளும். 2022 அக்டோபரில் வெளிவந்த மேட்டர் என்ற பொதுவான ஸ்மார்ட் வீட்டுத் தரம் இந்த வழியைப் பயன்படுத்துகிறது. ஜிக்பீயிலோ கோஆர்டினேட்டர் என்ற ஒற்றைக் கருவி வலைப்பின்னலை உருவாக்கி, அதன் சாவியைக் காக்கிறது. கோட்பாட்டளவில் த்ரெட்டே மேலானது என்று நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வாங்கும் நிலையில், உலோகத் தட்டில் வைக்கத்தக்க, நீண்ட கம்பியில் முனை வெளியே வரும் கசிவு சென்சார் ஜிக்பீயில் எளிதாகவும், த்ரெட்டில் தேடியும் அகப்படாமலும் இருந்தது. எல்லா ஜிக்பீ சென்சார்களையும் என் கணினியிலேயே, எந்த நிறுவனத்தின் மேகக்கணினியும் இல்லாமல், ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற மென்பொருள் வழியாக இயக்கலாம் என்பதும் பெரிய ஆறுதல். மின்வெட்டில் இணையமும் போய்விடும் வீட்டில், வெளிநாட்டு சர்வரைக் கேட்டுவிட்டுத்தான் மணி அடிக்கும் எச்சரிக்கைக் கருவிக்கு இடமில்லை.

சேனல் தேர்வைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள். சேனல் 11 இருப்பது 2405 மெகாஹெர்ட்ஸில், அதன்பின் ஒவ்வொன்றும் 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. வைஃபையின் சேனல் 1 ஏறத்தாழ 2401 முதல் 2423 வரையும், 6 ஆனது 2426 முதல் 2448 வரையும், 11 ஆனது 2451 முதல் 2473 வரையும் பரவிக் கிடக்கின்றன. ஆகவே ஜிக்பீயின் 15 ஆன 2425, 20 ஆன 2450 ஆகியவை இரண்டு வைஃபை சேனல்களின் இடுக்கில் விழுகின்றன. 25 ஆன 2475 வைஃபை 11இன் விளிம்புக்கு வெளியே நிற்கிறது. சேனல் 26ஐப் பல கருவிகள் குறைந்த ஆற்றலோடு பயன்படுத்துகின்றன, சில தொடுவதே இல்லை என்பதால் அதை விட்டுவிட்டேன்.

கைபேசிச் செயலி ஒன்றைக் கொண்டு கட்டடத்தின் வைஃபை நிலவரத்தைப் பார்த்தபோது, பகலில் சேனல் 6 நிறைந்தும் 1 ஓரளவு காலியாகவும் இருந்தது. இதை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் ஜிக்பீயின் தாழ்ந்த சேனல்களில் ஒன்றை எடுத்திருப்பேன். ஒரு மின்வெட்டு முடிந்தவுடன் மீண்டும் பார்த்தபோது நிலவரம் அடியோடு மாறியிருந்தது. மின்சாரம் திரும்பியதும் கட்டடத்தின் எல்லா ரவுட்டர்களும் ஒரே நேரத்தில் உயிர்பெறுகின்றன; தானியங்கி முறையில் இருப்பவை அந்த நிமிடத்தில் காலியாகத் தெரியும் சேனலைப் பிடித்துக்கொள்கின்றன; எல்லாமே அப்படிச் செய்வதால் எது எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடிவதில்லை. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில், ஒரு நாள் எடுத்த அளவீட்டை நம்பி ஜிக்பீ சேனலைத் தேர்ந்தெடுப்பது வீண். வைஃபை எப்படி மாறினாலும் பெரும்பாலும் எட்டாத இடத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி. வைஃபையின் 12, 13 ஆகிய சேனல்கள் இங்கே அனுமதிக்கப்பட்டவை என்றாலும், எங்கள் கட்டடத்தில் அவற்றைப் பிடித்திருந்த ரவுட்டர் எதையும் நான் எந்த நிலவரத்திலும் காணவில்லை. ஆகவே 25ஐ எடுத்து, என் சொந்த ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தானியங்கி முறையிலிருந்து மாற்றி, சேனல் 1இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தோடு நிறுத்திவைத்தேன். சென்சார்களை இணைப்பதற்கு முன்பே சேனலை முடிவு செய்துவிட வேண்டும். பின்னால் மாற்றினால், பேட்டரியில் ஓடும் சென்சார்கள் பலவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க நேரிடும்.

கோஆர்டினேட்டராக சிசி2652பி சில்லு கொண்ட யுஎஸ்பி குச்சியை எடுத்துக்கொண்டேன். அதை, ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் நீலநிற யுஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகினால் அடுத்த அறையில் உள்ள சென்சார்கூடத் தடுமாறும். யுஎஸ்பி 3 தரவுப் போக்குவரத்து 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சலை உமிழ்கிறது என்பதை இன்டெல் 2012லேயே ஓர் ஆவணத்தில் விளக்கியிருக்கிறது. வன்தட்டு ஒன்றும் பக்கத்தில் செருகப்பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒன்றரை மீட்டர் நீட்டிப்புக் கேபிளில், கறுப்புநிற யுஎஸ்பி 2 துளையிலிருந்து எடுத்து, குச்சியைச் செங்குத்தாகச் சுவரில் மாட்டினேன். ஜிக்பீ2எம்க்யூடிடி காட்டும் இணைப்புத் தர எண் 0 முதல் 255 வரை செல்லும். இந்த ஒரு மாற்றத்தில் வாசற்கதவு சென்சாரின் எண் இரட்டிப்புக்கும் மேல் உயர்ந்தது. ஜிக்பீயைக் குறை சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, குச்சி எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதைத்தான்.

இனி நடையின் மறுகோடி. கோஆர்டினேட்டரின் குரல் கீசர் அலமாரிவரை நம்பத்தக்க அளவில் எட்டவில்லை, இடையே செய்தியை வாங்கிக் கடத்தும் ஓர் அஞ்சல் கருவி வேண்டும். ஜிக்பீயில் மின்னிணைப்பில் இயங்கும் பிளக்குகளும் விளக்குகளும் தாமாகவே அஞ்சல் கருவிகளாக இயங்குகின்றன என்பது எல்லாரும் அறிந்த வசதி. ஆகையால் பிளக்குகளை நிறைய வாங்கி வீடு முழுவதும் செருகிவிட்டால் வலைப்பின்னல் வலுவாகும் என்பது வழக்கமான அறிவுரை. எங்கள் வீட்டில் அது பொருந்தாததற்கு மூன்று காரணங்கள் இருந்தன. நான் பார்த்த ஜிக்பீ பிளக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய இரண்டு கால் வடிவத்தில் வந்தன; இங்குள்ள மூன்று தடித்த உருண்டைக் கால் சாக்கெட்டில் அடாப்டர் வைத்துச் செருகினால் எடை தாங்காமல் முன்னோக்கிச் சாய்கின்றன. அடுத்து, இங்கே ஒவ்வொரு சுவர் சாக்கெட்டிலும் சுவிட்ச் உண்டு. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த என் மாமியார் எந்தச் சுவிட்சையும் வீணாக ஓடவிட மாட்டார்.

"மாப்பிள்ளை, யாரும் இல்லாத இடத்துல இது எதுக்கு எரியுது? டோக்கன் போட்ட காசெல்லாம் ஓடிடுமே" என்று சொல்லி அணைத்துவிட்டுப் போனார்.

"இல்லீங்க அத்தை, இதுக்கு ஒரு மாசத்துக்கே ரெண்டு மூணு ராண்டுதான் ஆகும்" என்றேன். ப்ரீபெய்ட் மீட்டரில் எண்களை அடித்து மின்சாரம் வாங்கும் வீட்டில் அவருடைய பழக்கம் முழுக்கச் சரியானது; மாற வேண்டியது அவரல்ல, என் வடிவமைப்பு.

மூன்றாவது காரணமே எல்லாவற்றையும்விடக் கனமானது: மின்சாரம் போனால் அத்தனை பிளக்குகளும் ஒரே நொடியில் சாகின்றன. ஒரு பேட்டரி சென்சார் தான் சார்ந்திருக்கும் அஞ்சல் கருவி வழியாகவே எல்லாச் செய்திகளையும் அனுப்புகிறது. அது மறைந்தால் வேறொன்றைத் தேட வேண்டும். தேடலுக்குப் பேட்டரி செலவாகும். சில சென்சார்கள் தாமாகவே மாறிக்கொள்கின்றன. வேறு சிலவோ பழைய அஞ்சல் கருவியையே நினைத்துக்கொண்டு, யாராவது பொத்தானை அழுத்தும்வரை மௌனமாக இருக்கின்றன. சோதனைக்காக இரண்டு பிளக்குகளை வைத்து டிபி என்ற மின்பகிர்வுப் பெட்டியில் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தபோது இந்த இரண்டு வகை நடத்தையையும் என் பதிவுக் கோப்பில் கண்டேன். வலைப்பின்னலை எத்தனை அடர்த்தியாக்கினாலும், அதன் கண்ணிகள் அனைத்தும் ஒரே மின்கம்பியில் தொங்கினால் அது வலைப்பின்னல் ஆகாது.

ஆகவே அஞ்சல் கருவியையும் பேட்டரி தரும் நேர்மின்சாரத்துக்கு (டிசி) மாற்றினேன். கோஆர்டினேட்டருக்குப் பயன்பட்ட அதே வகை யுஎஸ்பி குச்சியில், அஞ்சல் வேலைக்கான மென்பொருளை எழுதிவிட்டால், அதற்குக் கணினி தேவையில்லை. 5 வோல்ட் கொடுத்தால் போதும். கைபேசிக்கான பவர் பேங்க் இதற்கு உதவாது. குச்சி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருப்பதால், ஏதும் செருகப்படவில்லை என்று கருதிப் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடுகின்றன. ரவுட்டருக்கென்று இங்கே எங்கும் விற்கும் சிறிய நேர்மின் யூபிஎஸ் பெட்டியே சரியானது. அதில் 5, 9, 12 வோல்ட் வெளிவாய்கள் உண்டு. அதை நடையின் நடுவில் செருப்பு அலமாரிக்குப் பின்னாலுள்ள சாக்கெட்டில் மாட்டி, குச்சியை அலமாரியின் மேல் விளிம்பில் நிறுத்தினேன். சாக்கெட் சுவிட்ச் ஒரு இரவு முழுவதும் அணைந்தே கிடந்தாலும் குச்சி அசையாமல் வேலை செய்கிறது.

யூபிஎஸ் கணக்கையும் போட்டுவிடுகிறேன். 8800 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பது 3.7 வோல்ட் செல்களின் அளவு. அதாவது சுமார் 32 வாட் மணி. மாற்றத்தில் வீணாவது போக 27 கிடைக்கும் என்று கொள்ளலாம். ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இரண்டே கால் மணி நேரம். அதோடு ராஸ்பெரி பையையும் சேர்த்தால் இரண்டு மணிக்கும் குறைவு. பை தனியாக ஒரு யூபிஎஸ்ஸில் இருந்தால், குச்சியோடு சேர்த்து 4 வாட் என்றாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இரண்டையும் பிரித்தே வைத்தேன். இணையம் போன பின்னும் கண்காணிப்பு நீடிக்க வேண்டும் என்பதே நோக்கம். நீண்ட மின்தடையில் செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரிகளும் தீர்ந்துபோகும் என்பதால், கைபேசிக்கு வரும் அறிவிப்பை மட்டும் நம்பவில்லை. ராஸ்பெரி பையின் இணைப்பு முனைகளில் ஒரு டிரான்சிஸ்டர் வழியாகச் சிறு பசரை இணைத்திருக்கிறேன். கசிவுச் செய்தி வந்ததும் வீட்டுக்குள்ளேயே அது அலறும்.

கீசர் அலமாரியில் சென்சாரை வைக்கும் விதத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கீசருக்கு அடியில் துத்தநாகம் பூசிய இரும்புத் தட்டு ஒன்று இருக்கிறது. கசியும் நீர் அதில் விழுந்து, ஓரத்துக் குழாய் வழியாக வெளியே போகும். கசிவு சென்சாரின் அடியில் இருக்கும் இரண்டு உலோகக் கால்கள் நீர் பட்டால் மின்னிணைப்பு ஏற்படுவதைக் கொண்டுதான் உணர்கின்றன. அதை அப்படியே இரும்புத் தட்டில் வைத்தால், தட்டே இரண்டு கால்களையும் இணைத்துவிடும்; ஓயாமல் பொய்யாக எச்சரிக்கும். மேலும், நீர் நிறைந்த இரும்புத் தொட்டிக்கு அடியிலும் இரும்புத் தட்டுக்கு உள்ளேயும் வைத்த ரேடியோவின் குரல் வெளியே வருவது அரிது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர்தான். அதில் ஏறத்தாழப் பாதி நீளத்துக்காவது இடுக்கு கிடைத்தால்தான் அது எளிதாக நழுவி வெளியேறும். ஆகவே முனை மட்டும் கம்பியில் வெளியே வரும் வகையை வாங்கி, உடலை அலமாரிக் கதவின் மேல் சட்டத்தில் வெளிப்புறம் ஒட்டினேன். முனைக்கு அடியில் பிளாஸ்டிக் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்து, தட்டின் மிகத் தாழ்ந்த மூலையில், வெளியேறும் குழாயின் வாய்க்கு முன்னால் நிறுத்தினேன். கொசுவலையின் கண்களில் நீர் ஏறியதும் முனை நனைகிறது. தட்டின் உலோகம் மட்டும் படுவதில்லை.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரத்துணியை முனையின் மேல் வைத்துப் பார்த்தேன். நடையின் குச்சி வழியாகச் செய்தி சென்று, வரவேற்பறையில் பசர் உடனே ஒலித்தது. ரவுட்டரின் யூபிஎஸ்ஸையும் கழற்றிவிட்டு மீண்டும் செய்தபோதும் ஒலித்தது. இந்த இரண்டாவது சோதனையைச் செய்யாத எந்த அமைப்பையும் நான் முடிந்ததாகக் கருதமாட்டேன்.

ஃபிரீசருக்கு வேறு வழி தேவைப்பட்டது. மைனஸ் 18 பாகையில் காசுப் பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது. உலோகப் பெட்டி சிக்னலையும் அடைக்கிறது. ஆகையால் டிஎஸ்18பி20 என்ற வெப்பம் அளக்கும் முனையை மெல்லிய கம்பியோடு கதவு ரப்பரின் கீல்பக்கம் உள்ளே விட்டு, மறுமுனையைப் படுக்கையறை புளூடூத்தைக் கேட்கும் அதே இஎஸ்பி32 பலகையில் 4.7 கிலோஓம் மின்தடையோடு இணைத்தேன். அந்தப் பலகை ரவுட்டரின் யூபிஎஸ்ஸிலிருந்து நீண்ட கம்பியில் மின்சாரம் பெறுகிறது. மின்தடையின்போது ஃபிரீசர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சூடேறுகிறது என்ற வரைபடம் கையில் இருப்பதால், இறைச்சியைக் கொட்டுவதா வைப்பதா என்ற வீட்டு விவாதத்துக்கு இப்போது விடை இருக்கிறது.

பாதுகாப்பில் ஒரே குறிப்பு. ஜிக்பீ வலைப்பின்னல் 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கத்தில் இயங்கினாலும், புதிய சென்சார் சேரும் தருணத்தில் வலைப்பின்னல் சாவி எல்லாரும் அறிந்த பொதுச் சாவியால் மூடியே அனுப்பப்படுகிறது. ஆகவே சேர்க்கும் வேலையைக் குறுகிய நேரத்தில் முடித்து, அனுமதியை உடனே மூடிவிட வேண்டும். மென்பொருளோடு வரும் இயல்புச் சாவியைத் தொடக்கத்திலேயே மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடற்காற்று வேறு ஒரு வேலையைக் கேட்கிறது. டர்பனின் கோடை ஈரத்தில் பால்கனிக் கதவு சென்சாரின் பேட்டரித் தொடர்புத் தகடு பச்சை பூத்துவிடுகிறது. பேட்டரி நிறைந்திருக்கும்போதே சென்சார் ஊமையாவது அதனால்தான். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தகட்டைத் துடைத்து, உலர்ந்த பின் பேட்டரியைப் போட்டு, இணைப்புத் தர எண்ணைப் பதிவுக் கோப்பில் குறித்துக்கொள்கிறேன். பேட்டரி விழுக்காட்டைவிட அந்த எண்ணின் போக்கே நம்பத்தக்கது என்பது என் அனுபவம்.

த்ரெட்டைக் கைவிட்டுவிடவில்லை. 2024இல் வெளிவந்த த்ரெட் 1.4, த்ரெட்டை வீட்டு வலைப்பின்னலோடு இணைக்கும் வெவ்வேறு நிறுவனங்களின் எல்லை ரவுட்டர்கள் ஒரே வலைப்பின்னலைப் பகிர்ந்துகொள்ளும் முறையை வகுத்திருப்பதால், ஏற்ற கசிவு சென்சார் வந்ததும் முயல்வேன். அதற்கான இரண்டாவது ரேடியோ குச்சியை ராஸ்பெரி பையின் யூபிஎஸ்ஸிலேயே, ஜிக்பீயின் 25க்கு எட்டாத சேனல் 15இல், தனி நீட்டிப்புக் கேபிளில் வைக்கத் திட்டம். அதுவும் மெயின் சுவிட்சும் ரவுட்டரும் அணைந்த நிலையில் ஈரத்துணிச் சோதனையைத் தாண்டிய பிறகே கீசர் அலமாரிக்குப் போகும்.